சோலைமந்தியையும் இருவாச்சியையும் காட்டோடு சேர்த்துப் படமெடுப்பது எப்படி? (வால்பாறை – மளுக்கப்பாறை – பரம்பிக்குளம்)

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பொள்ளாச்சிக்குப் பக்கமாக இருக்கும் ஊர் எங்களுடையது. ஒரு பக்கம் நெல்லியாம்பதி, இன்னொரு பக்கம் ஆழியாறு வழியாக வால்பாறை, சேத்துமடை வழியாக டாப்சிலிப்பும் பரம்பிக்குளமும் என்று எல்லைக்கு இருபுறமும் உள்ள காடுகளுக்கு விடுமுறை நாள்களில் போய்வர முடிகிறது. சிறிய சென்சார் கொண்ட சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவும் 70–300 லென்ஸும் வைத்திருக்கிறேன்.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. முதலாவது, வால்பாறையின் புதுத்தோட்டம் பகுதியில் சோலைமந்திகளை (சிங்கவால் குரங்குகளை) எடுக்கும்போது முகம் வெறும் கரிய திட்டாக விழுகிறது. அதைச் சரிசெய்ய வெளிச்சத்தைக் கூட்டினால் பிடரி மயிர் வெளுத்துப் போகிறது. இரண்டாவது, கிடைத்த படங்கள் எல்லாம் கைப்பிடிச் சுவரிலும் தார்ச்சாலையிலும் உட்கார்ந்திருக்கும் குரங்குகளாகவே இருக்கின்றன. மழைக்காட்டில் வாழும் விலங்கை அதன் காட்டில் காட்ட வேண்டும் என்பதுதான் என் விருப்பம். ஒரு வாழைப்பழத்தைக் காட்டினால் வேண்டிய கிளைக்கே வரவழைத்து விடலாம் என்று வண்டி ஓட்டி வந்தவர் சொன்னார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. மூன்றாவது, மளுக்கப்பாறைச் சாலையில் இருவாச்சிப் பறவையின் கூடு ஒன்றை அருகே அழைத்துச் சென்று காட்டுவதாகவும், அதற்கு ஒரு தொகை கொடுத்தால் போதும் என்றும் ஒருவர் சொல்கிறார். போகலாமா?

பதில் 1: வால்பாறைத் தோட்டத்தார்

தம்பிக்கு வணக்கம். தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்று, இன்றும் இந்த மலையிலேயே வசிப்பவன் நான். கேமராவைப் பற்றி அறிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த குரங்கைப் பற்றியும் இடத்தைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

சோலைமந்தி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இயல்பில் அது தரைக்கு இறங்க விரும்பாத மரவாசி. வெடிப்பலா, பலா, அத்தி முதலிய மரங்களின் பூவையும் காயையும், பட்டைக்குள் ஒளிந்திருக்கும் பூச்சிகளையும் தின்று, கிளைக்குக் கிளை தாவியே நாளைக் கழித்துவிடும். புதுத்தோட்டத்தில் அது ஏன் சாலைக்கு வருகிறது என்றால், அங்கே இருப்பது தேயிலைக்கும் காப்பிக்குமாக வெட்டப்பட்ட பெருங்காட்டின் ஒரு மிச்சத் துண்டு. அந்தத் துண்டை ஒட்டியே பொள்ளாச்சி – வால்பாறைச் சாலை போகிறது. கிளை அறுந்த இடத்தில் அது தரையில் நடந்துதான் அடுத்த மரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். குரங்குகள் கடக்கும் நேரத்தில் வண்டிகளை நிறுத்திவிடக் காவலர்களும் நிற்கிறார்கள்.

இப்போது வாழைப்பழத்துக்கு வருகிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். சாலையோரத்தில் தின்பதற்குக் கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட மந்தி, அடுத்த வண்டியின் சத்தத்தைக் கேட்டதும் விலகாமல் நெருங்கி வரும். வண்டியில் அடிபட்டுச் செத்த குட்டியைத் தாய் விடாமல் தூக்கிக்கொண்டு அலைவதை ஒரு முறை பார்த்தவர்களுக்கு இந்த விஷயத்தில் விளக்கம் தேவைப்படாது. சாலையில் பழகிய குரங்கு பிறகு தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் நுழைகிறது, அங்கே கல்லெறி வாங்குகிறது. மனிதரிடமிருந்து சளி, காய்ச்சல் முதலிய நோய்களும் அதற்குத் தொற்ற வாய்ப்புண்டு. உங்கள் மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனத்தின் பேச்சையே கேளுங்கள்.

வழி இல்லாமலும் இல்லை. வால்பாறை மலைச்சரிவு ஊர் என்பதை நீங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். சமதளக் காட்டில் மரத்தின் உச்சியைக் கீழிருந்து அண்ணாந்துதான் பார்க்க முடியும். அப்போது வெள்ளை வானமும் குரங்கின் வயிறும்தான் படத்தில் விழும். இங்கே சாலை பல இடங்களில் சரிவின் மேற்புறமாகப் போவதால், கீழே பள்ளத்தில் நிற்கும் மரத்தின் தலை உங்கள் கண் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. காய்த்த பலா மரமோ வெடிப்பலாவோ அப்படி ஒரு சரிவில் நின்றால், வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி, அதற்கு எதிரே சாலையிலேயே அமைதியாகக் காத்திருங்கள். கூட்டம் உணவு தேடிக் காட்டுத்துண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். காய் உள்ள மரத்துக்கு எப்படியும் வந்து சேரும். துரத்திக்கொண்டு போகிறவருக்கு அதன் முதுகுதான் கிடைக்கும். முன்கூட்டியே வந்து நிற்கிறவரை அது சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிடும், அதன் பிறகு கிடைப்பதுதான் நீங்கள் தேடும் படம்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். நல்ல கோணத்துக்காகத் தேயிலைச் செடிகளுக்கு இடையே இறங்கிக் குத்தவைத்து உட்காரும் பழக்கம் வெளியூர்ப் படக்காரர்களிடம் இருக்கிறது. சிறுத்தையும் கரடியும் காட்டுமாடும் நடமாடும் இடம் அது. பனிமூட்டம் இறங்கிவிட்டால், பக்கத்துப் பாத்தியில் நிற்கும் யானைகூடத் தெரியாது. யானைகள் அருகில் இருக்கும்போது எச்சரிக்கச் சிவப்பு விளக்குகள் இந்த மலையில் பல இடங்களில் நிறுவப்பட்டுள்ளன. விளக்கு எரிந்தால், எவ்வளவு நல்ல வெளிச்சம் இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். தோட்டங்கள் தனியார் இடம் என்பதால் உள்ளே செல்ல நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

பதில் 2: மறையூர் சந்தனக்காடு

ஐயா சொன்னதற்கு மேல் இடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் முதல் ஐயத்துக்கு வருகிறேன்.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், தன் முன்னால் இருப்பது எதுவாக இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே கணக்குப் போடுகிறது. மந்தி வெள்ளை வானத்துக்கு எதிரே கிளையில் உட்கார்ந்திருந்தால், மீட்டர் வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுவதால் முகம் கரிக்கட்டையாகிவிடும். அங்கே ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்காகும், குறைத்தால் பாதியாகும்) கூட்ட வேண்டும். அதே மந்தி அடுத்த நொடியில் அடர்ந்த இலைகளுக்குள் போனால், கருத்த உடலும் இருண்ட இலைகளும் சேர்ந்து மீட்டரை எதிர்த்திசையில் ஏமாற்றிவிடும். அங்கே கூட்டினீர்கள் என்றால் சாம்பல் வெள்ளைப் பிடரி வெளுத்துப் பாழாகிவிடும், ஆகவே அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறைக்க வேண்டும். ஒரே குரங்குக்கு ஒரே நிமிடத்தில் இரண்டு எதிர்மாறான திருத்தங்கள் தேவைப்படுவதால்தான் உங்கள் படங்கள் மாறி மாறிக் கெடுகின்றன.

இதற்கு எளிய தீர்வு முழு மேனுவல் முறை. குரங்கின்மேல் விழும் அதே வெளிச்சத்தில் இருக்கும் பச்சை இலைக் கூட்டத்தை மீட்டரில் பாருங்கள். முற்றிய தேயிலைப் பரப்பும் உதவும், ஆனால் மழையில் நனைந்து மினுங்குவதை அளக்காதீர்கள். அந்த அளவை அப்படியே வைத்துவிட்டால், குரங்கு வானத்துக்கு முன் போனாலும் இலைக்குள் போனாலும் அதன்மேல் விழும் வெளிச்சம் மாறாத வரை எண்களை மாற்ற வேண்டியதில்லை. ரா (கேமரா திருத்தாத மூலக்) கோப்பில் எடுங்கள். நிழலைப் பிறகு ஓரளவு மீட்கலாம், வெளுத்த பிடரியை எதனாலும் மீட்க முடியாது என்பதால் ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் ஒளி வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகத்தை உட்கார்ந்திருக்கும் குரங்குக்கு 1/250 நொடி, நடமாடுவதற்கு 1/500, தாவுவதற்கு 1/1000 அல்லது அதற்கு மேல் என்று வைத்து, அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித் துளையை) முழுவதும் திறந்து, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) 3200 வரை போக விடுங்கள். உங்கள் லென்ஸின் 300 மிமீ அந்தச் சிறிய சென்சாரில் ஏறத்தாழ 450 மிமீ பார்வையைத் தருகிறது. அது போதாது என்று யார் சொன்னாலும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், குரங்கின் அசைவை அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். சோலைமந்தியின் முகம் கறுப்பு, கண்கள் பழுப்பு. தலை குனிந்து காயைப் பிளந்துகொண்டிருக்கும்போது கண்கள் குழிக்குள் மறைந்துவிடும். தின்னும்போதே இடையிடையே அது தலையைத் தூக்கி மேலே ஒரு பார்வை பார்க்கும். அப்போது இலை இடைவெளி வழியாக வரும் வானத்தின் ஒளிப்புள்ளி இரண்டு கண்களிலும் விழுந்து, முகம் முழுவதும் உயிர் பெற்றுவிடும். அந்தத் தலைத் தூக்கலுக்காக மட்டுமே காத்திருந்து அழுத்துங்கள். வெயில் காயும் நேரத்தைவிட மேகம் மூடிய காலை நேரமே கறுப்பு மயிருக்கு ஏற்றது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

சாலையில் உட்கார்ந்த குரங்கின் படம் தாழ்ந்தது என்ற உங்கள் எண்ணத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. தொங்குபாலத்தின்மேல் குட்டியை வயிற்றில் ஏந்திக் கடக்கும் ஒரு தாய், கீழே நிற்கும் பேருந்து, பின்னால் தேயிலைச் சரிவு என்று அகலமாக எடுத்தால், இன்று அந்த விலங்கு வாழும் இடத்தைப் பற்றி அதைவிட நேர்மையான படம் எது? முகத்தை மட்டும் நெருக்கி எடுத்தால் அது எந்த ஊரிலும் எடுத்ததாக இருக்கலாம். சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு விலங்கு அந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அறிந்த ஒருவர் எடுத்த படங்கள் அவை.

கை பழக வேண்டும் என்றால் எங்கள் பக்கம் வாருங்கள். இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலையில் வரையாடுகள் பாதையில் நடப்பவர்களைப் பொருட்படுத்தாமல் மேய்கின்றன. முதிர்ந்த கிடாயின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு இருப்பதை உங்கள் லென்ஸிலேயே தெளிவாகப் பதிவு செய்யலாம். குட்டி ஈனும் காலமாகிய பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள் என்பதால் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். மழை மறைவுப் பகுதியாகிய சின்னாறு முற்றிலும் வேறு வகைக் காடு. அங்கே ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற மலை அணிலைப் பார்க்கலாம்.

பதில் 3: நெம்மாறைப் பறவையாளர்

கூட்டைப் பற்றிய கேள்விக்கு என் பதில்: போகாதீர்கள், பணமும் கொடுக்காதீர்கள்.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெரிய இருவாச்சியின் பெட்டை மரப்பொந்துக்குள் நுழைந்து, தன் எச்சத்தையும் உணவு மிச்சங்களையும் கொண்டு வாசலைப் பூசி அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறலை மட்டும் விட்டுக்கொள்கிறது. உள்ளே இருக்கும் தாய்க்கும் பின்னர் குஞ்சுக்கும் வேண்டிய உணவு முழுவதையும் ஆண்தான் கொண்டு வர வேண்டும். ஆனைமலைப் பகுதியில் ஏறத்தாழ ஜனவரி முதல் ஏப்ரல், மே வரை இது நடக்கிறது. ஆண் மிகவும் எச்சரிக்கையான பறவை. கூட்டு மரத்தின் அடியில் ஆள் நின்றால் அது நேராகக் கூட்டுக்கு வராது. அத்திப்பழங்களைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு தூரத்து மரத்திலேயே உட்கார்ந்திருக்கும். நீங்கள் நல்ல படத்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கின்றன. இதற்கு ஏற்ற பெரிய பொந்துள்ள முதிய மரம் காட்டில் எளிதில் கிடைப்பதில்லை, ஆகையால் அதே பொந்தையே ஆண்டுதோறும் நாடி வருகின்றன. ஒரு கூட்டு மரம் படக்காரர்களின் கூடுமிடமாகிவிட்டால் இழப்பு ஓர் ஆண்டோடு நிற்பதில்லை.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் குலைப்பதை வேட்டை என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. சரணாலயங்களுக்குள் படமெடுப்பதும் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய செயல்தான். மளுக்கப்பாறை எல்லையைத் தாண்டியதும் நீங்கள் கேரள வனத்துறையின் வாழச்சால் கோட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். தமிழ்நாட்டில் வாங்கிய அனுமதி அங்கே செல்லாது. செக்போஸ்டில் குறித்துத் தரும் நேரத்துக்குள் அடுத்த செக்போஸ்டைக் கடக்க வேண்டும், இடையில் இறங்கிக் காட்டுக்குள் நடக்கக் கூடாது. டிரோன் பறக்க விடுவதை நினைக்கவே வேண்டாம். வாழச்சால் பகுதியில் காடர் பழங்குடி மக்கள் பருவந்தோறும் இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காத்துவருகிறார்கள். அவர்களது உழைப்பை ஒருவர் பணத்துக்கு விற்பதற்கு நாம் துணைபோகக் கூடாது.

இருவாச்சியைப் படமெடுக்கப் பழுத்த அத்தி மரமே சிறந்த இடம். முதலில் சத்தம் வரும். பெரிய இருவாச்சியின் சிறகடிப்பு நெடுந்தொலைவுக்குக் கேட்கும், கேமராவை எடுத்து அளவுகளைச் சரிபார்க்க அந்த அவகாசமே போதும். மரத்துக்கு வந்த பறவை தின்று முடிக்கும் வரை சாவகாசமாக இருக்கும். ஒரு பழத்தை அலகின் நுனியால் கிள்ளி எடுத்து, தலையைப் பின்னுக்கு எறிந்து, பழத்தைக் காற்றில் தூக்கிப்போட்டுத் தொண்டையில் பிடிக்கும். அதைப் பதிவு செய்ய 1/1600 வேகமாவது வேண்டும். கண்ணைப் பாருங்கள்: விழி சிவப்பாக இருந்தால் ஆண், வெளுத்திருந்தால் பெட்டை. சிறகின் வெள்ளைப் பட்டையும் கழுத்தும் மஞ்சள் படிந்திருப்பது அதன் பிறவி நிறமன்று. வாலடிச் சுரப்பியின் எண்ணெயைத் தானே பூசிக்கொள்வதால் வருவது. அதைப் படச் செயலியில் வெள்ளையாகத் திருத்திவிடாதீர்கள்.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்கும் பழக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வியாளர்: கொழிஞ்சாம்பாறைக்காரர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கூட்டைக் காட்ட முன்வந்தவரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் மிஞ்சியுள்ளன. படத்தை வெளியிடும்போது இடத்தின் பெயரைச் சொல்லலாமா? 150–600 லென்ஸ் ஒன்று வாங்க எண்ணியிருந்தேன், அதைத் தள்ளிப்போடலாமா?

பதில் 4: மறையூர் சந்தனக்காடு

தள்ளிப்போடுங்கள். அந்த லென்ஸ் ஏறத்தாழ இரண்டு கிலோ எடை, நீட்டிய முனையில் பெரும்பாலும் வெளிச்சம் குறைவாகவே புகும் 6.3 அபெர்ச்சர், மழைக்காட்டின் இருட்டில் நீங்கள் இப்போது படும் பாட்டைவிட அதிகம் படுவீர்கள். அந்தப் பணத்தில் சிறு பகுதியைச் செலவழித்து, ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி ஒன்று வாங்குங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வால்பாறையிலும் மூணாறிலும் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது மிகச் சாதாரணம். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருந்தால் பிழைத்தது. வண்டியின் சன்னலில் லென்ஸைத் தாங்க ஒரு துணிப்பை தைத்துக்கொண்டால் போதும், ஊருக்குப் போனதும் அரிசியோ கொள்ளோ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். பரம்பிக்குளத்தில் வண்டியை விட்டு இறங்க முடியாத இடங்களில் அந்தப் பைதான் உங்கள் முக்காலி.

இடத்தைச் சொல்வது பற்றி: சொல்லலாம் என்பதே என் கருத்து. எல்லாவற்றையும் மறைத்து வைத்தால், உங்களைப்போல் முறையாகக் கேட்டு வருகிறவர்களுக்குத்தான் கதவு அடைபடுகிறது. பணத்துக்குக் கூடு காட்டுகிறவர்களின் வியாபாரமும் அந்த மறைப்பினால்தான் நடக்கிறது.

பதில் 5: நெம்மாறைப் பறவையாளர்

நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். வால்பாறை, வாழச்சால், பரம்பிக்குளம் என்று ஊர் அளவில் சொல்வதால் தீங்கில்லை. புதுத்தோட்டத்து மந்திகள் ஊரறிந்தவை. கூடு, குட்டி ஈன்ற இடம், சிறுத்தை தங்கும் பாறை ஆகியவற்றை மட்டும் எந்த அளவிலும் சொல்லக் கூடாது. கைபேசியில் எடுத்த படத்துக்குள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கக்கூடும் என்பதால் வெளியிடும் முன் அந்தத் தகவலை நீக்குங்கள். பார்த்ததை அறிவியலுக்குப் பயன்படும்படி பதிவு செய்ய விரும்பினால் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றலாம். அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் சரியான இடத்தை அத்தளமே மறைத்துப் பரந்த வட்டாரமாக மட்டும் காட்டும்.

கூட்டைக் காட்டப் பணம் கேட்டவரைப் பற்றி, யார் என்று பெயர் குறிப்பிட்டு இங்கே எழுத வேண்டாம். வாழச்சால் கோட்டத்து வனச்சரக அலுவலகத்தில் அந்தச் சாலைப் பகுதியை மட்டும் தெரிவித்துவிடுங்கள். கூட்டைக் கண்காணிப்பவர்கள் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள்.

பதில் 6: வால்பாறைத் தோட்டத்தார்

தம்பி, வருவதாக இருந்தால் வார நாளில் வாருங்கள். சனி, ஞாயிறுகளில் புதுத்தோட்டத்தில் வண்டிகள் வரிசையாக நின்றுவிடுகின்றன. காவலர்களுக்கு மந்திகளைப் பார்ப்பதா, மனிதர்களைப் பார்ப்பதா என்று தெரியாமல் போகிறது. விடிந்ததும் வந்துவிட்டால் முதலில் அவர்களைப் பார்த்துக் கூட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த மரம் காய்த்திருக்கிறது என்று கேளுங்கள். அன்றைக்கு எங்கே நின்றால் யாருக்கும் தொந்தரவு இருக்காது என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இல்லை.